ஏழாவது கார்பன்

அந்த மெரூன் துணி இன்னும் கண்ணில் நிற்கிறது. உள்ளங்கை அகலத்துக்குக் கத்தரித்த பின்னல் துணி, குழந்தைகள் சட்டைக்கானது. ஒரு பாலித்தீன் உறைக்குள் அதை வைத்து, வாயை மூன்று மடிப்பாக மடித்து, ஸ்டேப்ளர் பின் அடித்துக் கொண்டுவந்திருந்தார் அந்த டையிங் மாஸ்டர். ஒரு பின் போதும். அவர் ஐந்து அடித்திருந்தார். எனக்கு அவர் மேல் முதல் சந்தேகம் விழுந்தது அந்த ஐந்து பின்களால்தான். ஒன்றையும் மறைக்காத மனிதர் எதற்காக ஐந்து பின் அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

சந்தேகப்படுவது எனக்குப் பிறவிக் குணம். உடுமலைப்பேட்டையில் எங்கள் வீட்டுக்குப் பால் ஊற்றியவர் நான் பள்ளிக்கூடம் கிளம்பிய பிறகுதான் தெருவுக்குள்ளேயே வருவார். நான் இருந்தால் கேனுக்குள் எட்டிப் பார்ப்பேன். பெண் பார்க்க வந்தவரிடம், "டிகிரி சர்ட்டிபிகேட் ஒரிஜினல் இருக்குங்களா, பார்க்கலாமா?" என்று கேட்டவள் என்று இன்றைக்கும் என்னைக் கிண்டல் செய்கிறார்கள். கேட்டது உண்மைதான். அவரும் அடுத்த வாரம் எடுத்துவந்து காட்டினார். அவரையே கட்டிக்கொண்டேன். வீட்டில் கெட்ட பெயர் வாங்கித் தந்த இந்தக் குணம், வேலை செய்கிற இடத்தில் எனக்கு நல்ல பெயர் வாங்கித் தந்தது. திருப்பூரில் துணி சோதிக்கும் ஒரு தனியார் லேபில் இருக்கிறேன். "இந்த மேடம் கண்ணுல எதுவும் தப்பாது" என்று எங்கள் மேனேஜர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். கேட்கக் கேட்க எனக்குத் தலைக்கு மேல் ஒரு சாண் கூடிப்போனது.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். சாயங்களில் ஏசோ என்று ஒரு வகை உண்டு. அவற்றில் சில உடைந்தால் அமீன்கள் வெளிவரும். அந்த அமீன்களில் சில புற்றுநோயை வரவழைக்கக்கூடியவை என்பதால் தடை செய்திருக்கிறார்கள். ஏற்றுமதிக்குப் போகிற துணியை வாங்கி, அதிலுள்ள சாயத்தை நாங்களே வேதிப்பொருள் சேர்த்து உடைத்து, வெளிவருவதைச் சாறாக எடுத்து மெஷினுக்குள் செலுத்துவோம். தடைப் பட்டியலில் இருக்கிற எதுவும் தென்படவில்லை என்றால் பாஸ். ஒன்றே ஒன்று தென்பட்டாலும் ஃபெயில். ஃபெயில் என்று ஒரு தாள் போனால், வெளிநாட்டு பையர் அந்த ஆர்டரைத் தொடமாட்டான். சாயமேற்றிய துணி அத்தனையும் கிடங்கில் கிடக்கும். அதற்கு யாராவது ஒருவர் பதில் சொல்லியாக வேண்டும். சாயப்பட்டறையில் அந்த ஒருவர் டையிங் மாஸ்டர்தான். எந்தச் சாயம், எவ்வளவு, எத்தனை சூட்டில் என்று முடிவு செய்கிறவர் அவர்.

வழக்கமாகத் துணியைக் கொரியரில் அனுப்புவார்கள், இல்லாவிட்டால் ஆர்டரைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர் யாராவது பைக்கில் வந்து போட்டுவிட்டு ஓடுவார். இவர் தானே வந்தார். ஐம்பது வயதிருக்கும். வெள்ளகோவில் பக்கம் சொந்த ஊர் என்று பிறகு தெரிந்தது. ஏசி அறைக்குள் நுழைந்ததிலிருந்து வலது கையை முதுகுக்குப் பின்னாலேயே வைத்திருந்தார். படிவத்தில் இடது கையாலேயே சாயத்தின் பெயரை எழுதி, அடித்து, மேலே மறுபடி எழுதினார். "இதைய எப்பங்க மெஷின்ல போடுவீங்க? நீங்களே போடுவீங்களா, வேற ஆராச்சும் போடுவாங்களா?" என்று கேட்டார். போன பிறகும் இரண்டு தடவை போன் செய்து, "ஒண்ணுமில்லீங்க மேடம், சும்மாதானுங்க கேட்டேன்" என்றார். சும்மா கேட்கிறவர்களை எனக்குத் தெரியும். மலிவுச் சாயத்தை உள்ளே கலந்துவிட்டு, படிவத்தில் நல்ல சாயத்தின் பெயரை எழுதுகிற ஆட்கள் இந்த ஊரில் இல்லாமல் இல்லை. துணி மெஷினுக்குள் போவதற்கு முன்பே என் மனதுக்குள் அது ஃபெயிலாகிவிட்டது.

மறுநாள் காலையில் சாற்றை ஏற்றினேன். கணினித் திரையில் கோடு தரையோடு தரையாக ஊர்ந்துகொண்டே போய், ஓரிடத்தில் ஊசியாக எழுந்தது. அதன் மேல் சொடுக்கியதும் மெஷின் தன் நூலகத்தைப் புரட்டி, ஆர்த்தோ டொலுயிடின் என்று காட்டியது. தடைப் பட்டியலில் உள்ள பெயர். பொருத்தம் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பிடித்துவிட்டேன் என்று ஒரு சந்தோஷம் வந்தது. அதை இப்போது சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் வந்தது சந்தோஷம்தான்.

இப்படி ஒன்று தென்பட்டால், வேறு வகை மெஷினில் இரண்டாம் முறை பார்த்து உறுதி செய்ய வேண்டும் என்பது விதி. எங்கள் இரண்டாவது மெஷினின் பம்ப் பழுதாகி ஆள் வருவதற்காகக் காத்திருந்தது. நான்கைந்து நாள் பொறுத்திருந்தால் போதும். எனக்குப் பொறுக்கத் தோன்றவில்லை. அதே சாற்றை அதே மெஷினில் இன்னொரு தடவை ஏற்றினேன். அதே இடத்தில் அதே ஊசி எழுந்தது, அதே பெயர் வந்தது. இரண்டு தடவை பார்த்தாயிற்று என்று, 'உறுதி செய்யப்பட்டது' என்ற கட்டத்தில் டிக் போட்டேன். ஒரே சாட்சியைக் கூப்பிட்டு இரண்டு தடவை கேட்டுவிட்டு, சாட்சிகள் இருவர் என்று எழுதியதுபோலத்தான். அவர் மேல் வைத்த சந்தேகத்தில் ஒரு துளியை மெஷின் மேல் வைத்திருக்கலாம். முழுவதையும் அவர் மேலேயே செலவழித்துவிட்டேன்.

ரிப்போர்ட் போன மறுநாளே மாஸ்டர் வந்துவிட்டார். முகம் வெளுத்திருந்தது. வரவேற்பு மேசைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டே, "ஏனுங்க மேடம், மெஷின் தப்பாச் சொல்லுமுங்களா?" என்று கேட்டார்.

"மெஷின் பொய் சொல்லாதுங்க. ஆளுங்கதான் சொல்லுவாங்க" என்றேன்.

அப்படிச் சொன்னதில் எனக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது. பக்கத்தில் இருந்தவர்களுக்கும் கேட்கட்டும் என்று குரலைத் தூக்கித்தான் சொன்னேன்.  அவர் தலையை மட்டும் இரண்டு தடவை ஆட்டினார். "சரிங்க மேடம். போயிட்டு வாறனுங்க" என்று படியிறங்கிப் போனார். தப்பு செய்யாதவர் என்றால் சண்டை போட்டிருப்பாரே என்று அதையும் ஒரு அத்தாட்சியாக எடுத்துக்கொண்டேன். அந்த மாதமே அவரைப் பட்டறையில் இருந்து அனுப்பிவிட்டார்கள் என்றும், சாயத்தை மாற்றிய மாஸ்டர் என்று பெயர் பரவியதால் வேறு பட்டறைகளிலும் சேர்க்கவில்லை என்றும் காதில் விழுந்தது. நான் மதியச் சாப்பாட்டை நிம்மதியாகத்தான் சாப்பிட்டேன்.

ஏறக்குறைய இரண்டு வருடம் கழித்து வேறொரு பட்டறையின் துணியில் அதே ஊசி எழுந்தது. இந்தத் தடவை அங்கிருந்து வந்தது மாஸ்டர் இல்லை, அவர்கள் கம்பெனியின் கெமிஸ்ட். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்த ஓர் அம்மா. என்னையே ஏற இறங்கப் பார்த்தார். என்னைப்போல ஒருத்தியை முதன்முதலாக எதிரே பார்க்கிறேன் என்று உள்ளே ஏதோ சொன்னது. "ஆர்த்தோன்னு சொல்றீங்க. பாரா இல்லைன்னு எப்படிங்க தெரியும்?" என்று கேட்டார். நான் எழுந்துபோய்க் குப்பி அலமாரியைத் திறந்தேன்.  ஒப்பிட்டுப் பார்க்க எங்களிடம் இருந்த குப்பிகள் எல்லாம் தடைப் பட்டியலில் இருக்கிற அமீன்களுடையவை. பாரா பட்டியலில் இல்லாதது. ஆகவே லேபிலும் இல்லை. வாங்கிப் பார்க்கிறோம் என்று சொல்லி அவரை அனுப்பிவைத்தேன்.

பாராவுக்கும் ஆர்த்தோவுக்கும் என்ன வித்தியாசம் என்றால், இடம் மட்டும்தான். ஆறு கார்பன்கள் கைகோத்த ஒரு வளையம். அதன் ஒரு மூலையில் அமீன். இன்னொரு மூலையில் மீத்தைல் என்கிற ஒற்றைக் கார்பன் குழு தொங்கும். அது அமீனுக்குப் பக்கத்து மூலையில் இருந்தால் ஆர்த்தோ, தடை. நேர் எதிர் மூலையில் இருந்தால் பாரா, தடைப் பட்டியலில் இல்லை. ஒரு வீடு தள்ளி மெட்டா என்று மூன்றாவதும் உண்டு. அணுக்களின் எண்ணிக்கை மூன்றிலும் ஒன்றே, எடையும் ஒன்றே. குப்பி வந்ததும் பாராவைத் தனியாக ஏற்றினேன். அதே இடத்தில் ஊசி எழுந்தது. சொடுக்கினேன். ஆர்த்தோ டொலுயிடின் என்று மெஷின் கூசாமல் சொன்னது. 

இது எனக்குத் தெரியாத விஷயம் என்றாலாவது மனதைத் தேற்றிக்கொள்ளலாம். எம்.எஸ்ஸி. தேர்வில் இதே கேள்வி வந்து, முழு மதிப்பெண் வாங்கியவள் நான். மெஷினுக்குள் போகிற மூலக்கூறின் மேல் எலக்ட்ரான்கள் மோதும். மூலக்கூறு தன் எலக்ட்ரான் ஒன்றை இழந்து நேர் மின்சுமை ஏந்தி நிற்கும். அடுத்து, தொங்கிக்கொண்டிருக்கிற மீத்தைலில் இருந்து ஒரு ஹைட்ரஜன் கழன்றுபோகும். இப்போது அந்த வெளிக் கார்பனில் குறை. அது வெளியே நிற்க முடியாமல் வளையத்தை விலக்கிக்கொண்டு உள்ளே நுழையும். ஆறு கார்பன் வளையம் ஏழு கார்பன் வளையமாகிவிடும். ஏழு கார்பன்களும் சேர்ந்து ஏழு மூலக்கூறு ஆர்பிட்டால்களை உண்டாக்கும். எலக்ட்ரான்கள் புழங்குகிற பொது அறைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தாழ்வான மூன்று அறைகளில் ஆறு எலக்ட்ரான்கள் இரண்டிரண்டாகச் சரியாக அடங்கிவிடும், மேலே உள்ள நான்கும் காலியாக இருக்கும். மின்சுமை எந்த ஒரு கார்பனுக்கும் சொந்தமாக இல்லாமல் ஏழின் மேலும் பரவும். அதனால்தான் அந்த வளையம் அவ்வளவு நிலையாக நிற்கிறது. ஏழாவது கார்பன் உள்ளே நுழைந்த அந்தக் கணத்தில், அது முன்பு எந்த மூலையில் தொங்கியது என்பதற்கான தடயமே போய்விடுகிறது. ஆர்த்தோ, மெட்டா, பாரா மூன்றும் ஒரே உருவமாகிவிடுகின்றன. எடை போட்டு அடையாளம் சொல்கிற மெஷின் மூன்றுக்கும் ஒரே பெயரைச் சொல்லாமல் என்ன செய்யும்?

எடை போடும் முன்பு, நீளமான மெல்லிய குழாய் ஒன்றுக்குள் இவை வேறு வேறு நேரத்தில் கடந்து வந்தால் பிரித்துவிடலாம். எங்களிடம் இருந்த குழாயில் ஆர்த்தோவும் பாராவும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு ஒரே நேரத்தில் வந்தன. வேறு வகைக் குழாய் வரவழைத்தேன். அதில் இரண்டும் தனித்தனியாக நின்றன. அதற்குப் பிறகு செய்ததை யாரும் செய்யச் சொல்லவில்லை. சோதனை முடிந்த துணிகளைக் குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு எறிந்துவிடுவார்கள். ஆனால் ஃபெயிலான துணிகளை மட்டும் நான் எறிவதில்லை. என்றைக்காவது யாராவது சண்டைக்கு வருவார்கள் என்ற சந்தேகத்தில் ஒரு பெட்டியில் பூட்டி வைத்திருந்தேன். மெரூன் துணி அதில் இருந்தது. அதன் சாறு புதிய குழாயின் வழியே வந்தபோது ஆர்த்தோவின் இடம் காலியாக இருந்தது. பாராவின் இடத்தில் ஊசி எழுந்தது. அந்தத் துணியில் ஒரு குற்றமும் இல்லை, அந்த மனிதரிடமும் இல்லை.

மேனேஜரிடம் சொன்னேன். நாற்காலியைச் சுழற்றிக் கதவு சாத்தியிருக்கிறதா என்று முதலில் பார்த்தார். "விட்டுருங்க மேடம். ஒரு பழைய ரிப்போர்ட்டத் தப்புன்னு நாமளே சொன்னா, நம்ம எல்லா ரிப்போர்ட்டையும் சந்தேகப்படுவாங்க. நீங்க நல்லவங்கன்னு சொல்லமாட்டாங்க, நம்ம லேப் சரியில்லைன்னுதான் சொல்லுவாங்க" என்றார். அவர் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. அன்றிலிருந்து அவர் என் மேல் ஒரு கண் வைத்திருந்தார். என் மேசை இழுப்பறை திறந்து மூடப்பட்டிருக்கிறதா என்று நானும் தினமும் பார்க்க ஆரம்பித்தேன். மூன்று வாரம் இழுபறியாகப் போனது. கடைசியில், திருத்திய ரிப்போர்ட் போகவில்லை என்றால் நான் போய்விடுகிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். மேனேஜர் திருத்திய ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டார். இப்போது எங்கள் லேபில் மூன்று குப்பியும் வரிசையாக இருக்கின்றன. புதிதாகச் சேருகிறவர்களை மூன்றையும் மாற்றி மாற்றி ஏற்றச் சொல்லி, மெஷின் தடுமாறுவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் துணியைத் தொட விடுகிறோம்.

பட்டறைக்கு அனுப்பிய திருத்திய தாளுக்குப் பதில் வரவில்லை. அங்கே யாருக்கும் அது தேவைப்படவில்லை. மாஸ்டர் சாமளாபுரத்தில் ஒரு தறிக்கூடத்தில் இருப்பதாகப் பட்டறை வாட்ச்மேன் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தாளை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். தறிச் சத்தத்தில் நான் கூப்பிட்டது அவருக்குக் கேட்கவில்லை. தறியில் பாவு நூலை ஏற்றிக்கொண்டிருந்தவர் தற்செயலாக நிமிர்ந்து என்னைப் பார்த்தார். முகம் இறுகியது. இன்னும் எதற்கு வந்திருக்கிறாள் என்று நினைத்திருப்பார். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். கைகளைத் துண்டில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். நகங்கள் சுத்தமாக இருந்தன. அன்றைக்கு லேபில் முதுகுக்குப் பின்னால் மறைத்த கையில் என்ன இருந்தது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. சாயக் கறை ஏறிய நகங்கள், அவ்வளவுதான். ஏசி அறையில் படித்த பெண்கள் முன்னால் அதைக் காட்டக் கூச்சப்பட்டிருக்கிறார்.

வெளியே கிடந்த, பாவு நூல் சுற்றுகிற காலி பீம் உருளை ஒன்றின் மேல் உட்கார்ந்து, தாளின் பின்பக்கத்தில் வளையம் வரைந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். சாயம் தெரிந்தவர்; சீக்கிரமே பிடித்துக்கொண்டார்.

"அப்ப மூணு பேரும் வேற வேறதானுங்க. மெஷினுக்குள்ள போனா ஒரே ஆளா ஆயிர்றாங்க. அப்படித்தானுங்களே?"

"ஆமாங்க. நான் அதைப் பார்க்காம விட்டுட்டேனுங்க. தப்பு என்னோடதுங்க. உங்க மேல ஒண்ணுமே இல்லீங்க."

அவர் சந்தோஷப்படுவார், இல்லை என்னைத் திட்டுவார் என்று இரண்டுக்கும் தயாராகத்தான் போயிருந்தேன். அவர் இரண்டும் செய்யவில்லை. துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. துண்டை விலக்காமலே பேசினார்.

"நான் சும்மா போவலீங்க அம்மிணி. அன்னிக்கு உங்ககிட்ட கேட்டுட்டு நேராப் பட்டறைக்குத்தான் போனேன். நான் மாத்தலைன்னு எனக்குத் தெரியும். மெஷின் பொய் சொல்லாதுன்னு நீங்க சொன்னீங்க. அப்ப வேற ஆரு மாத்தியிருப்பா? கலர் ரூம்ல எடை போடறவன்தானுங்களே."

கலர் ரூமில் சாயத்தை எடை போட்டுக் கொடுத்தவர் ஒடிசாக்காரர். இரண்டு குழந்தைகளுக்குத் தகப்பன். ஏழு வருடம் இந்த மாஸ்டரிடமே வேலை பார்த்தவர். மாஸ்டர் அவரை, சகோதரன் என்கிற அர்த்தத்தில், பாய் என்றுதான் கூப்பிடுவாராம். தான் மாற்றவில்லை என்று அந்த ஒடிசாக்காரர் காலில் விழாத குறையாகச் சொல்லியிருக்கிறார். "எல்லாரு முன்னாலயும் கை நீட்டிட்டனுங்க" என்றார் மாஸ்டர். "கன்னத்துல. 'மெஷின் பொய் சொல்லாதுடா, நீதான்டா பொய் சொல்றே'ன்னு நீங்க சொன்னதையவே சொல்லி அடிச்சேன். அடுத்த நாளே ரயிலேறிட்டானுங்க. என்ற ஊட்டுக்கு வந்து என்ற பேரன் காதுகுத்துக்குச் சமைச்சுப் போட்டவனுங்க அவன்."

அந்த ஒடிசாக்காரரின் மைத்துனர் திருப்பூரில் ஒரு கார்மெண்ட்ஸில் அயர்னிங் செக்‌ஷனில் இருப்பது மாஸ்டருக்குத் தெரிந்திருந்தது. அங்கே போகலாமா என்று நான்தான் கேட்டேன். தறிக்காரரிடம் சொல்லிவிட்டு, சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார். திருப்பூர் பஸ் ஏறினோம். கார்போகேட்டயான் என்று நாங்கள் படித்த கார்பன் நேரயனியைப் பற்றி நினைத்துக்கொண்டு வந்தேன். குறைபட்ட கார்பன் ஒன்று நின்றால், பக்கத்துக் கார்பனிலிருந்து ஒரு ஹைட்ரஜன் தன் எலக்ட்ரான்களோடு தாவி வந்து அந்தக் குறையை நிரப்பும். குறை இப்போது பக்கத்துக் கார்பனுடையது. சுற்றிலும் தாங்க ஆள் இருக்கிற இடம் கிடைக்கும்வரை அது நகரும். மனிதர்கள் விஷயத்தில் நாங்கள் அதைத் தலைகீழாகச் செய்திருந்தோம். என் தவற்றை மாஸ்டர் மேல் தள்ளினேன், மாஸ்டர் அதைத் தன்னைவிட ஆதரவு இல்லாதவர் மேல் தள்ளினார். வெட்கத்தில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமையிலும் அயர்னிங் செக்‌ஷனில் வேலை நடந்துகொண்டிருந்தது. மைத்துனர் வெளியே வந்ததும் மாஸ்டரைப் பார்த்துப் பின்வாங்கினார். "இன்னும் என்ன சார்? அவன் ஊருக்குப் போய்ட்டான். கேஸ் போட வந்தீங்களா? நம்பர் என்கிட்ட இல்ல" என்றார். நான் யார் என்று சொன்னதும் இன்னும் மோசமாகிவிட்டது. கழுத்தில் லேப் அடையாள அட்டையோடு ஒருத்தி வந்தால் நல்லதற்கு வந்திருப்பாள் என்று யார் நம்புவார்கள்? ரிப்போர்ட் தாளை வாங்கிப் பார்த்தார், முத்திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கு அதைப் படிக்கத் தெரியாது. கால் மணி நேரம் கெஞ்சிய பிறகு, தன் போனிலேயே நம்பரை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, போனைக் கையிலிருந்து விடாமல் என் பக்கம் நீட்டினார். மறுமுனையில் எருமைச் சத்தத்துக்கும் குழந்தைச் சத்தத்துக்கும் நடுவில் "ஹலோ" என்று ஒரு குரல் வந்தது.

"நான் திருப்பூர்ல லேப்ல இருந்து பேசறேங்க. அந்த மெரூன் துணியை டெஸ்ட் பண்ணுனது நான்தாங்க. அந்தத் துணியில தப்பே இல்லீங்க. நீங்க எதையும் மாத்திப் போடலீங்க. நான்தான் தப்பா எழுதிட்டேன்."

 லைன் போய்விட்டதோ என்று மைத்துனர் திரையைப் பார்த்தார். பிறகு, கலர் ரூமில் கற்றுக்கொண்ட தமிழில், ஒவ்வொரு வார்த்தையாக அந்தக் குரல் கேட்டது.

"நான் மாத்திப் போடல?"

"இல்லீங்க."

"நிச்சயமா, அக்கா?"

"நிச்சயமாங்க."

"நான் போட்டேன்னு நினைச்சேன் அக்கா. முதல்ல இல்ல இல்லன்னு சொன்னேன். மெஷின் சொல்லுச்சு, மாஸ்டர் சொன்னார், எல்லாரும் சொன்னாங்க. அன்னைக்கு ரெண்டு டிரம் பக்கத்துல பக்கத்துல இருந்துச்சு. யோசிச்சு யோசிச்சு, நான்தான் தப்பு டிரம்ல எடுத்துட்டேன்னு நினைச்சேன். இங்க உரக்கடையில வேலைக்குக் கூப்பிட்டாங்க. எடை போடற வேலை. வேணாம்னு சொல்லிட்டேன். என் கையை எனக்கே நம்பிக்கை இல்ல, அக்கா."

 மாஸ்டர் என்னைத் தாண்டி முன்னால் வந்தார். போனைத் தொடாமல், அந்தச் சின்ன ஸ்பீக்கருக்கு நேராகக் குனிந்து, "பாய், நான் மாஸ்டர் பேசறேன்" என்றார். அதற்கு மேல் அவருக்கு வரவில்லை. உள்ளே நீராவி இஸ்திரிப் பெட்டிகள் சீறிக்கொண்டிருந்தன. மைத்துனர் போனைப் பிடித்தபடியே நின்றார். ஒடிசாவில் இருந்தவரும் ஒன்றும் பேசவில்லை. ஆனால் போனை வைக்கவும் இல்லை.